கலவரக் கவிதையைக் கற்பித்தல்: நுஃமானின் 'புத்தரின் படுகொலை'யை முன்வைத்து

கவிதை கற்பிப்போருக்கு எளிதான பாடங்கள் சில உண்டு. இயற்கையைப் பாடிய கவிதை, தாய்மையைப் போற்றிய கவிதை, மொழியின் பெருமை பேசும் கவிதை ஆகியவற்றை வகுப்பில் நடத்தும்போது ஆசிரியருக்கு இடர் இல்லை. மாணவருக்கும் கலக்கம் இல்லை. எரியும் கடைத்தெருவையும், சுடப்பட்டுக் கிடக்கும் உடலையும், நள்ளிரவில் நூலகத்துக்கு வைத்த தீயையும் பாடும் கவிதை எதிர்ப்படும்போதுதான் தயக்கம் தலைகாட்டுகிறது. 'இதனைப் பிறகு பார்க்கலாம்' என்று பக்கத்தைப் புரட்டிவிடும் வழக்கம் நம் கல்லூரிகளில் இல்லாமல் இல்லை. அத்தகைய கவிதைகளைப் புரட்டிவிடாமல் நிறுத்தி வைத்துக் கற்பிக்க வேண்டும் என்பதும், கற்பிக்கும் முறையில் ஒரு நெறி வேண்டும் என்பதும் நம் கருத்து. அதனை விளக்குவதற்கு ஈழத்துக் கவிஞர் எம்.ஏ. நுஃமான் எழுதிய 'புத்தரின் படுகொலை' என்னும் சிறு கவிதையை எடுத்துக்கொள்கிறோம்.

தயக்கத்திற்குக் காரணங்கள் உண்டு; அவற்றை நாம் இகழவில்லை. இளைஞர் குருதி விரைவில் சூடேறக் கூடியது. கலவரம் பற்றிய பேச்சு பழைய புண்ணைக் கிளறிவிடும் என்று பெரியோர் அஞ்சுவது இயற்கை. நிறுவனத்தின் நற்பெயரைக் காக்க வேண்டிய பொறுப்பு நிருவாகத்தினருக்கும் உண்டு. ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். நாம் வகுப்பில் பேசாது விட்டால் மாணவர் அதனை அறியாமலா இருக்கப்போகின்றனர்? தெருமுனைப் பேச்சிலிருந்தும், ஊர்வலத்து முழக்கத்திலிருந்தும், கைப்பேசியில் வந்து விழும் காணொளியிலிருந்தும் அறிந்துகொள்கின்றனர். அங்கே ஒரு நிமிடத்தில் சினம் கிடைக்கிறது, சிந்தனைக்கு இடமில்லை. கவிதையோ இருமுறை படித்தால்தான் பிடிபடும். ஆகவே, சினத்திற்கும் செயலுக்கும் இடையே சற்று நேரத்தை உண்டாக்கித் தருவது கவிதைக் கல்வியால் இயலக்கூடிய நற்பணியாகும்.

மரபில் இதற்கு இடமுண்டா?

உள்நாட்டுப் பூசலைப் பாடுவது புதுக்கவிதையோடு வந்த புதுமை என்று மாணவர் எண்ணிவிடக் கூடாது. சோழர் குடியில் பிறந்த நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் தம்முள் பகைத்தபோது கோவூர்கிழார் பாடிய பாடல்கள் புறநானூற்றில் உள்ளன. ஆவூர் முற்றுகையிடப்பட்டிருந்த வேளையில், கோட்டைக் கதவை அடைத்துக்கொண்டு உள்ளே இருந்த நெடுங்கிள்ளியிடம் புலவர் போர்க்கலை பேசவில்லை. பாலின்றி அழும் குழந்தையையும், பூச்சூட வழியில்லாத மகளிரையும், நீரின்றித் தவிக்கும் வீடுகளையும் எடுத்துக்காட்டுகிறார். உறையூர் முற்றுகையின்போதோ, இரு தரப்பாரும் சூடியிருப்பது ஒரே ஆத்தி மாலை என்பதை நினைவூட்டி, வெற்றி எப்பக்கம் சாய்ந்தாலும் இழப்பு ஒரே குலத்துக்கு என்று எடுத்துரைக்கிறார். எதிரியை இகழாமல் தன் முன்னால் நிற்பவனை நாணச் செய்வது அவர் கையாண்ட முறை.

எரியும் நகரத்தையும் நம் இலக்கியம் கண்டிருக்கிறது. மதுரையை எரித்த தீயிடம், இன்னாரை விட்டுவிடு என்று கண்ணகி சொல்வதாக இளங்கோ பாடினார். அறவோர், முதியோர், குழவியர் என்று அப்பட்டியல் நீள்கிறது. நீதி கேட்டு எழுந்த தீக்கும் ஒரு வரம்பு வேண்டும் என்று காப்பியப் புலவர் கருதினார். அந்த வரம்பு அழிந்துபோன காலத்தின் கவிதையே நாம் எடுத்துக்கொண்ட கவிதை.

கவிதை பிறந்த களம்

யாழ்ப்பாணப் பொது நூலகம், கே.எம். செல்லப்பா என்னும் தனிமனிதரின் ஆர்வத்தால் 1933ஆம் ஆண்டில் சிறு அளவில் முளைத்தது. பின்னர் ஊரார் கூடி வளர்த்தனர். அதன் வளர்ச்சியில் தமிழகத்துக்கும் பங்குண்டு. சென்னையைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் நரசிம்மன் அதன் எழிலார்ந்த கட்டடத்தை வடிவமைத்தார்; இந்திய நூலகவியலின் தந்தை எனப்படும் எஸ்.ஆர். ரங்கநாதன் ஆலோசனை நல்கினார். 1959ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அக்கட்டடத்தில், 1981 அளவில், ஏறத்தாழ 97,000 நூல்களும் அரிய ஓலைச்சுவடிகளும் இருந்தன.

1981 ஜூன் 4ஆம் நாள் மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தல் நடைபெறவிருந்தது. மே 31ஆம் நாள் யாழ்நகரில் நடந்த தேர்தல் கூட்டமொன்றில் காவலர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அன்றிரவு காவல் துறையினரும் அவர்களோடு சேர்ந்தோரும் நகரில் வெறியாட்டம் ஆடினர். கடைகளும், 'ஈழநாடு' நாளிதழ் அலுவலகமும், நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரின் இல்லமும் எரிந்தன, நூலகமும் எரிந்தது. தேர்தலையொட்டி வந்திருந்த அமைச்சர்கள் அந்நேரத்தில் யாழ்நகரிலேயே தங்கியிருந்தனர். பன்மொழிப் புலவரான தாவீது அடிகள் என்னும் கத்தோலிக்கத் துறவி, நூலகம் எரிவதைக் கண்ட அதிர்ச்சியிலேயே உயிர் நீத்தார் என்பது அந்நிகழ்வோடு சேர்த்து இன்றும் நினைவுகூரப்படும் செய்தி.

அத்தீயைப் பாடியவர்களுள் ஒருவர் நுஃமான். கிழக்கிலங்கையின் கல்முனைப் பகுதியில் 1944ஆம் ஆண்டில் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். கவிஞர், திறனாய்வாளர், மொழியியலாளர். பலஸ்தீனக் கவிதைகளைத் தமிழில் தந்தவர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் பின்னர் பேராதனைப் பல்கலைக்கழகத்திலும் பணியாற்றியவர். ஈண்டு நம் மாணவர்க்கு ஒரு விளக்கம் தேவைப்படும். தமிழகத்தில் நாம் தமிழர், முஸ்லிம் என்னும் இரண்டு சொற்களையும் தயக்கமின்றிச் சேர்த்துச் சொல்கிறோம். இலங்கையில் நிலைமை வேறு. அங்குள்ள முஸ்லிம்களுள் பெரும்பாலோர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டிருந்தும் தம்மைத் தனியோர் இனமாகவே அடையாளப்படுத்துகின்றனர். அரசின் கணக்கெடுப்பும் அவ்வாறே கொள்கிறது. ஆகவே யாழ் நூலகத்துக்கு வைத்த தீ 'நம் வீட்டுத் தீ அன்று' என்று ஒதுங்கி நிற்க நுஃமானுக்கு வாய்ப்பு இருந்தது. அவர் ஒதுங்கவில்லை. எரிந்தது தம் மொழியின் நூலகம். தம் அயலாரின் நூலகம். அது போதும் என்று எழுதினார். இவ்வொரு செய்தியே வகுப்பறையில் ஒரு மணி நேரம் பேசத் தக்கது.

கவிதையின் கட்டுமானம்

ஒரே பக்கத்தில் அடங்கும் கவிதை இது. ஒரு கனவாக அது சொல்லப்படுகிறது. கனவில் புத்தர் சுட்டுக் கொல்லப்படுகிறார். கொன்றவர்கள் சீருடை களைந்து வந்த அரசுக் காவலர்கள். உடல் கிடக்கும் இடம் யாழ் நூலகத்தின் படிக்கட்டு. இரவோடு இரவாக அமைச்சர்கள் வருகின்றனர், சினம் கொள்கின்றனர். அவர்களுடைய சினம் ஓர் உயிர் போனதற்காக எழுந்ததன்று; தாங்கள் வகுத்த பட்டியலில் இல்லாத ஒருவர் கொல்லப்பட்டதற்காக எழுந்தது. காவலர் தரப்பில் விடை வருகிறது: பிழை ஏதும் நேரவில்லை, முதலில் இவரை அகற்றினாலன்றி மிகச் சிற்றுயிரைக்கூடத் தங்களால் கொல்ல இயலவில்லை என்கின்றனர். பிணத்தை மறைத்துவிடுமாறு பணித்துவிட்டு அமைச்சர்கள் போய்விடுகின்றனர். பின்னர் நூலகத்து நூல்களே விறகாகின்றன; புத்தரின் போதனை நூலே கொள்ளியாகிறது; இறுதியில் உடலோடு தம்மபதமும் சாம்பலாகிறது.

தொல்காப்பியச் செய்யுளியல் அங்கதத்தைச் செம்பொருள் அங்கதம், பழிகரப்பு அங்கதம் என இரண்டாகப் பகுக்கும். வெளிப்படையாக வைவது முன்னது. பழியை உள்ளே ஒளித்து வைப்பது பின்னது. நுஃமானின் கவிதை பின்னதற்கு ஏற்ற எடுத்துக்காட்டு. கவிதையில் கொடியோர் என்ற சொல் இல்லை, சாபம் இல்லை, ஒப்பாரி இல்லை. அதிகாரிகள் வழக்கமாகப் பேசும் அலுவலகப் பேச்சே இருக்கிறது. பட்டியல், ஆணை, விளக்கம், மறைப்பு என்று அது நடக்கிறது. கேட்போர்க்கு உடல் நடுங்குவதற்குக் காரணம், கொலையைப் பற்றிய பேச்சு கோப்பு நகர்வது போல அமைதியாக நகர்வதே.

கொள்ளியாக அமைந்த நூலைக் கவிஞர் தேர்ந்தெடுத்த திறத்தையும் மாணவர் உணர வேண்டும். அது சிகாலோவாத சூத்திரம். துறவியர்க்கு உரைத்ததன்று, சிகாலன் என்னும் இல்லறத்தானுக்குப் புத்தர் உரைத்தது. ஆறு திசைகளை வணங்கி நின்ற அவனிடம், பெற்றோர், ஆசிரியர், மனைவி மக்கள், நண்பர், பணியாளர், துறவோர் ஆகியோரே வணங்கத்தக்க ஆறு திசைகள் என்று அவர் விளக்கினார். குடிமக்கள் ஒருவரோடொருவர் எவ்வாறு வாழ்வது என்பதற்கான நூல் அது. நகரத்தை எரிப்போர் முதலில் கொளுத்துவது நகரவாழ்வின் நெறியையே என்பதை ஒரு நூற்பெயரால் கவிஞர் உணர்த்திவிடுகிறார். பகையைப் பகையால் தணிக்க இயலாது என்று போதிக்கும் தம்மபதம் சாம்பலாவது அடுத்த படி. அடிக்குறிப்பு இல்லாமல் இவ்விரு நூற்பெயர்களையும் கடந்துபோகும் மாணவன் கவிதையின் பாதியை இழந்துவிடுவான்.

புத்தர் யாருக்கு உரியவர்?

இக்கவிதையில் சிங்களர் என்ற சொல்லும் தமிழர் என்ற சொல்லும் இல்லை. அவ்விடத்தில் நின்று நாம் எண்ண வேண்டும். புத்தர் 'அவர்களுடைய' கடவுள், நூலகம் 'எங்களுடைய' சொத்து என்று பிரித்திருந்தால் கவிதை ஒரு புகார் மனுவாகச் சுருங்கியிருக்கும். கவிஞர் புத்தரைக் கொண்டுவந்து நூலகப் படிக்கட்டில் கிடத்தினார். அவ்விடம் அவருக்கு அயலிடம் அன்று. தமிழில் மணிமேகலை என்னும் பௌத்தக் காப்பியம் உண்டு. குண்டலகேசி பௌத்தர் இயற்றியது. வீரசோழியம் என்னும் இலக்கண நூலை இயற்றிய புத்தமித்திரரும் பௌத்தரே. மணிமேகலை சென்றடைந்த மணிபல்லவத்தை யாழ்ப்பாணத்தை அடுத்த நயினாதீவாகக் கருதும் அறிஞர்களும் உள்ளனர். பெரும் தமிழ் நூலகம் ஒன்று எரியும்போது மணிமேகலை எரியாமலா இருக்கும்? ஆகவே புத்தரின் பெயரால் ஆட்சி நடத்துவோர் எரித்த நூலகத்தில், புத்தரைத் தமிழில் பாடிய நூலும் எரிந்தது என்பது கவிஞர் கூறாமல் கூறும் உண்மை.

ஓர் ஐயம்

கூர்மையான மாணவன் ஒருவன் இங்கே ஒரு வினா எழுப்பக்கூடும். 'உண்மையில் துன்புற்றவர் யாழ்ப்பாணத்து மக்கள். கவிஞர் அவர்களை விட்டுவிட்டுப் புத்தரைப் பலியாளாக்குவது ஏன்? இது பாதிக்கப்பட்டோரைப் பின்னுக்குத் தள்ளுவது ஆகாதா?' இவ்வினாவை அடக்கிவிடக் கூடாது. இதற்கு விடை தேடுவதே பாடம்.

விடை தேடுவோர் நுஃமானின் மற்றொரு கவிதையான 'நேற்றைய மாலையும் இன்றைய காலையும்' என்பதனையும் உடன்வைத்துப் படிக்க வேண்டும். யாழ்ப்பாணம் 1977ஆம் ஆண்டில் கண்ட வன்முறையைப் பற்றியது அக்கவிதை. அங்கே முதற்பாதி முழுவதும் ஒரு மாலைப்பொழுது. நெரிசல் மிக்க தெருவில் நடப்பது, புத்தகக் கடை முன்னால் நின்று இதழ்களைப் புரட்டுவது, பெட்டிக்கடையில் தேநீர் அருந்துவது, திரைப்படம் பார்ப்பது, சைக்கிளில் வீடு திரும்புவது என்று எந்தச் சிறப்பும் இல்லாத நிகழ்வுகள். மறுபாதியில் அதே தெருக்களில் துப்பாக்கிகள் திரிகின்றன, கடைகள் எரிகின்றன. கொலையின் விவரத்தைக் காட்டிலும் அச்சைக்கிள் பயணமே நம் நெஞ்சில் தங்குகிறது. நகர வன்முறை என்பது உயிர்களைப் பறிப்பதோடு நில்லாது, அஞ்சாமல் தெருவில் நடக்கும் எளிய உரிமையையும் பறித்துவிடுகிறது என்பதை அதனைவிடத் தெளிவாக ஓர் அறிக்கை சொல்லிவிடாது.

ஆகவே மக்களின் துயரைப் பாட அறியாதவர் அல்லர் நுஃமான். 1977ஆம் ஆண்டு நிகழ்வைப் பாடியபோது பாதிக்கப்பட்டோர் பக்கம் நின்று பேசினார். 1981ஆம் ஆண்டு நிகழ்வைப் பாடியபோது எரித்தவர்களின் மனச்சான்றை நோக்கிப் பேசினார். கோவூர்கிழார் நெடுங்கிள்ளியை நாணச் செய்தது போன்ற பேச்சு அது. 'நீ எங்களைக் கொன்றாய்' என்றால், கொன்றவன் தன் பக்கத்துப் பிணங்களை எண்ணிக் காட்டுவான். 'நீ உன் ஆசானைக் கொன்றாய்' என்றால் அவனுக்கு விடையில்லை. பாதிக்கப்பட்டோரைக் கவிதை மறக்கவில்லை. எண்ணிக்கைப் போட்டியிலிருந்து அவர்களை மீட்டிருக்கிறது.

கவிதை நம்மை நோக்கித் திரும்பும்போது

இதுவரை சொன்னவற்றோடு நிறுத்திக்கொண்டால் பாடம் இனிதே முடிந்துவிடும். அடுத்த நாட்டில் அடுத்த மதத்தார் செய்த கொடுமையைக் கண்டித்து எழுந்துவிடலாம். ஆனால் நல்ல கவிதை அவ்வாறு நம்மை எளிதில் விடுவதில்லை.

நூலகம் எரிந்து 9 ஆண்டுகளில் நடந்தவற்றை மாணவர் அறிய வேண்டும். 1990 ஆகஸ்ட் 3ஆம் நாள், கிழக்கிலங்கையின் காத்தான்குடியில் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தோர் நூற்றுக்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். கொன்றவர்கள் தமிழின விடுதலையின் பெயரால் ஆயுதம் ஏந்திய விடுதலைப் புலிகள் என்பதே பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்ட உண்மை. அதே ஆண்டு அக்டோபர் இறுதியில் வட மாகாணத்து முஸ்லிம்கள், 70,000க்கும் மேற்பட்டோர், அதே இயக்கத்தால் தம் ஊர்களிலிருந்து வெளியேற்றப்பட்டனர். யாழ்நகர முஸ்லிம்களுக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரம். நூலகத்தை இழந்து அழுத நகரம், தன்னோடு தமிழ் பேசி வாழ்ந்த அயலாரை இழந்தபோது உரத்து அழ இயலாத நிலையில் இருந்தது. அன்று படிக்கட்டில் கிடந்தது எது? விடுதலை என்னும் சொல் அல்லவா?

இவ்விடத்தில் நம் மாணவர் 'ஆம், ஆம்' என்று தலையசைப்பர். ஏனெனில் துன்புற்றோர் நம்மவர். அடுத்த அடியை எடுத்து வைப்பதுதான் கடினம். 2019 ஏப்ரல் 21ஆம் நாள், ஈஸ்டர் ஞாயிறன்று, இலங்கையின் தேவாலயங்களிலும் விடுதிகளிலும் வெடித்த குண்டுகள் 250க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தன. மட்டக்களப்புத் தேவாலயத்தில் மாண்டோருள் குழந்தைகளும் இருந்தனர். அதனைச் செய்தோர் முஸ்லிம் பெயர் தாங்கியோர். அவர்களுக்குத் தலைமை தாங்கியவனின் ஊர், 1990இல் தொழுகையின்போது குருதி சிந்திய அதே காத்தான்குடி. பலியானோரின் ஊரிலிருந்தே பலிகொள்வோரும் தோன்றக்கூடும் என்னும் இவ்வுண்மை நம் நெஞ்சைச் சுட வேண்டும். குண்டுதாரிகளின் உடல்களை ஏற்கமாட்டோம் என்று அந்நாட்டு உலமா சபை அறிவித்தது. நுஃமானின் கவிதை கேட்ட வினாவுக்கு ஒரு சமுதாயம் அளித்த விடையாக அதனைக் கொள்ளலாம்.

நம் தமிழகமும் இவ்வினாவுக்கு விலக்கன்று. கோவையில் 1997 நவம்பர் 29ஆம் நாள் ஒரு காவலர் கொல்லப்பட்டார். அடுத்து மூண்ட கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் 18 முஸ்லிம்கள் மாண்டனர். 1998 பிப்ரவரி 14ஆம் நாள் நிகழ்ந்த தொடர் குண்டுவெடிப்புகளில் 58 பேர் மாண்டனர். யாழ்ப்பாணத்தில் நடந்தது போலவே இங்கும் சங்கிலியின் முதற்கண்ணி ஒரு காவலரின் உயிர். ஒவ்வொரு கண்ணியும் தனக்கு முந்திய கண்ணியைக் காரணம் காட்டியது. 18 பேரின் சாவுக்கு நீதி கேட்பது கடமை. அதன் பெயரால் 58 உயிர்களைப் பறித்தது பாவம். இவ்விரண்டையும் ஒரே மூச்சில், ஒரே குரலில் சொல்லக் கற்றுக்கொள்ளாதவன் நுஃமானின் கவிதையைக் கற்றவன் ஆகமாட்டான். ஓர் உயிரை அநியாயமாகக் கொல்வதை மனித குலத்தையே கொல்வதற்கு ஒப்பிடும் வேதத்தை ஓதுகிற நமக்கு, இப்பாடம் வெளியிலிருந்து வரவேண்டியதில்லை.

வகுப்பறையில் செய்யத் தக்கவை

இனி முறை பற்றிச் சில சொற்கள். இத்தகைய கவிதையை 'ஆசிரியர் குறிப்பு வரைக', 'மையக்கருத்தைச் சுருக்கி எழுதுக' என்னும் ஐந்து மதிப்பெண் வினாக்களுக்குள் அடைத்துவிட்டால் பயன் இல்லை. சந்தைக் குறிப்பேட்டிலிருந்து மனப்பாடம் செய்து எழுதிவிட்டு மாணவன் போய்விடுவான். நான்கு வினாக்களை நாம் பரிந்துரைக்கிறோம்.

முதலாவது, கவிதையில் யார் பேசுகின்றனர், யார் பேசவில்லை? அமைச்சர்கள் பேசுகின்றனர், காவலர்கள் பேசுகின்றனர், புத்தர் ஒரு சொல்லும் பேசவில்லை. போதித்தவர் மௌனமாகக் கிடக்க, அவர் பெயரைச் சொல்லி ஆள்வோர் உரையாடுகின்றனர். கலவரக் காலங்களில் எவர் குரல் ஒலிக்கிறது, எவர் குரல் அடங்குகிறது என்பதை இதிலிருந்து மாணவர் கண்டுகொள்வர்.

இரண்டாவது, எந்தச் சொல் உண்மையை மறைக்கிறது? நாளிதழ்களில் நாம் நாள்தோறும் படிக்கும் 'அசம்பாவிதம்', 'மர்ம நபர்கள்', 'இரு தரப்பினரிடையே மோதல்', 'நிலைமை கட்டுக்குள் உள்ளது' முதலான தொடர்களை எடுத்து, அவற்றுள் எழுவாய் எங்கே போயிற்று என்று மாணவரைத் தேடச் சொல்லலாம். செய்தவன் யார் என்பதைச் சொல்லாமலே வாக்கியத்தை முடிக்கும் வித்தை அது. இலக்கண வகுப்பும் இலக்கிய வகுப்பும் கைகோக்கும் இடம் இதுவே.

மூன்றாவது, எரிந்தது எது? நூல் எத்தனை, கடை எத்தனை என்ற கணக்கோடு நின்றுவிடாமல், அந்நகரத்தில் ஒருவர் மற்றவரை நம்பிச் செய்துவந்த செயல்களுள் எவை நின்றுபோயின என்று எழுதச் செய்ய வேண்டும். 1977ஆம் ஆண்டுக் கவிதையின் சைக்கிள் பயணம் இதற்கு வழிகாட்டும்.

நான்காவது வினாவே தலையாயது. இக்கவிதை நம் பக்கத்தாரை நோக்கி எழுதப்பட்டிருந்தால் சாம்பலாகியிருக்கும் நூல் எது? நம் சமய மரபின் கண்ணியம் கருதி, நாம் போற்றும் பெரியோரை அவ்வாறு உருவகித்துப் பேசுவது நம் வழக்கமன்று, பேசவும் வேண்டா. நம் கைகளிலிருந்து எந்தப் போதனை நழுவினால் நம்மில் ஒருவன் அத்தகைய கொடுமைக்குத் துணிவான் என்று கேட்டால் போதும். இவ்வினாவை ஒவ்வொரு மாணவனும் தன் வீட்டை நோக்கியே கேட்டுக்கொள்ள வேண்டும். அடுத்த வீட்டை நோக்கி அன்று. நம் கல்லூரியில் எல்லாச் சமயத்து மாணவரும் ஒரே வரிசைப் பலகையில் அமர்ந்து பயில்கின்றனர். ஒரே வகுப்பில் பலரும் தத்தம் வீட்டை நோக்கி இவ்வினாவைக் கேட்கும் காட்சி, நூறு நல்லிணக்கச் சொற்பொழிவுகளைவிட மேலானது என்பது நம் நம்பிக்கை.

இதனைக் கற்பிக்கும் ஆசிரியர் ஒரு செய்தியில் உறுதியாக இருக்க வேண்டும். நடந்த நிகழ்வுகளை நடந்தவாறே சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தில் முதலில் காவலர்கள் கொல்லப்பட்டதை மறைத்துவிட்டு நூலகத் தீயை மட்டும் சொன்னால், மறைப்பதில் நாமும் அந்த அமைச்சர்களுக்கு உடன்பிறப்பு ஆவோம். முன்னதைச் சொல்வதால் பின்னதன் கொடுமை அணுவளவும் குறையாது. உண்மையை முழுமையாகச் சொல்லும் ஆசிரியரிடமே மாணவன் தன் சினத்தை நம்பி ஒப்படைப்பான்.

யாழ்ப்பாணப் பொது நூலகம் புதுப்பிக்கப்பட்டு இன்று மீண்டும் இயங்கிவருகிறது. படிக்கட்டில் மாணவர்கள் ஏறி இறங்குகின்றனர். கல்லும் சுண்ணமும் கொண்டு கட்டடத்தை மீட்டுவிட இயலும். எரிந்த ஓலைச்சுவடியை மீட்க இயலாது. வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களுள் ஒரு பகுதியினர் ஊர் திரும்பியுள்ளனர், பலர் திரும்பவில்லை. இழந்தவற்றுள் மீட்கக் கூடியவை சில, கூடாதவை பல. அவற்றின் கணக்கை அரசுகள் எழுதி வைப்பதில்லை. கவிதைகளே எழுதி வைக்கின்றன. அக்கணக்கைப் படிக்கத் தெரிந்த ஒரு தலைமுறையை உருவாக்குவது தமிழ்த் துறைகளின் கடமை. கல்லூரி விட்டு வெளியேறும் நம் மாணவர், நாளை தம் தெருவில் ஒரு கூட்டம் தீப்பந்தத்தோடு திரளும்போது, அது எந்தக் கொடியை ஏந்தியிருந்தாலும், அதன் முன்னால் நின்று 'யாரைக் கொல்லப் போகிறீர்கள் என்று எண்ணிப் பார்த்தீர்களா?' என்று கேட்கும் துணிவு பெறுவாராயின், இச்சிறு கவிதையைக் கற்பித்த நேரம் வீண்போகவில்லை என்று நாம் மகிழலாம்.